காதில் மெஷின் மாட்டியாயிற்று, பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை?

"ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, மெஷினும் மாட்டியாச்சு, இன்னும் ஆத்தான்னு ஒரு வார்த்தை வரலையே." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் காது கேளாத குழந்தை இருக்கிற வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ இதைச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கண்ணாடி போட்டால் அந்த நிமிஷமே எழுத்துத் தெரிகிறது, காதுக்கு மெஷின் போட்டால் மட்டும் ஏன் அப்படி நடக்கவில்லை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இதை யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாததால், லட்சக்கணக்கில் மதிப்புள்ள கருவி பல வீடுகளில் ஆறே மாதத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது.

சத்தத்தைப் பிடித்து அனுப்புவது காது. வந்தது ஒரு சொல், அது அடுப்படியிலிருந்து வருகிற இந்த ஆளைக் குறிக்கிறது என்று பிடித்துக்கொள்வது மூளை. காது நன்றாகக் கேட்கிற குழந்தை வயிற்றில் ஐந்தாறு மாதம் இருக்கும்போதே அம்மாவின் குரலைக் கேட்க ஆரம்பிக்கிறது, பிறந்த பிறகு இன்னும் ஒரு வருஷம் வீட்டில் எல்லாரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கிறது, அதற்கப்புறம்தான் முதல் சொல் வருகிறது. இரண்டு மாதக் குழந்தையைப் பார்த்து ஏன் பேசவில்லை என்று நாம் கேட்பதில்லையே. இரண்டு வயதில் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதுக்குள் பொருத்துகிற கருவி, வைத்த பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். பிறந்தநாள் கணக்கில் அதற்கு இரண்டு வயது, கேட்கிற கணக்கில் மெஷின் ஆன் ஆன அன்றுதான் பிறந்திருக்கிறது. சிகிச்சையாளர்கள் இதைக் கேட்கும் வயது என்பார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் இந்த வயதோடு ஒப்பிட்டால் பாதி மனவேதனை குறையும்.

குறையட்டும், ஆனால் மெத்தனம் வந்துவிடக் கூடாது. மூளை காத்திருக்காது. ஒலி வராமல் கிடக்கிற பகுதியைப் பார்வைக்கும் தொடுதலுக்கும் அது கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் அனு சர்மாவும் அவரோடு வேலை செய்தவர்களும், இம்ப்ளான்ட் வைத்த குழந்தைகளின் மூளை ஒலிக்குக் காட்டும் மின்னலைகளை அளந்து பார்த்தார்கள். மூன்றரை வயதுக்குள் கருவி கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு, வைத்த சில மாதங்களிலேயே அந்த அலைகள் வயதுக்கேற்ற நிலைக்கு வந்துவிட்டன. ஏழு வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. ஏழுக்கு மேல் வைத்தால் பிரயோஜனமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சத்தம் கேட்கும், கூப்பிட்டால் திரும்பலாம், ஆனால் கேட்டே பேச்சைக் கற்பது மிகவும் கஷ்டமாகிவிடும். அதனால் இந்த விஷயத்தில் எல்லாமே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: தெளிவான பேச்சு அந்தக் காதுக்குள் எத்தனை மணி நேரம் போயிற்று? தாமதம், மெஷினைக் கழற்றி வைப்பது, எதிரொலிக்கிற வீடு, ஓயாமல் ஓடுகிற டிவி எல்லாம் அந்த மணி நேரத்தைத்தான் தின்கின்றன.

முதலில் தாமதம். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் பாசத்தின் வழியாகத்தான் வருகிறது. "அவுக அப்பச்சிகூட நாலு வயசுலதான் பேசினாக, வந்துரும்." (அப்பச்சி என்றால் இங்கே அப்பா.) இதைச் சொல்லியே இரண்டு வருஷம் ஓடிவிடும். வசம்பு உரசி நாக்கில் தடவுவார்கள், நாக்கு ஒட்டியிருக்கிறது என்று வெட்டிவிடச் சொல்வார்கள், கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதலில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதோடு கூடவே ஒரு பரிசோதனையும் செய்யவேண்டும் என்பதுதான் விஷயம். நாக்கு ஒட்டியிருப்பதால் ஒரு குழந்தை அடியோடு பேசாமல் இருப்பதில்லை.

வீட்டில் செய்து பார்க்கிற சோதனைகள் ஏமாற்றும். பின்னாலிருந்து தட்டைத் தட்டினால் திரும்புகிறது என்பார்கள்; தரையின் அதிர்வுக்கோ, கையின் நிழலுக்கோ, எதிரே நிற்பவர் முகம் மாறுவதைப் பார்த்தோ திரும்பியிருக்கலாம். குக்கர் விசிலுக்கும் வெடிச் சத்தத்துக்கும் திரும்புகிற பிள்ளைக்குச் சாதாரணப் பேச்சு சுத்தமாகக் கேட்காமல் இருக்கலாம். ஆ, ஊ என்று சத்தம் போடுகிறதே என்பதும் ஆதாரமில்லை, காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் குரல் எழுப்பும். பத்துப் பதினோரு மாதம் ஆகியும் பபபப, மமமம என்று எழுத்துக் கூட்டி வரவில்லை என்றால் சந்தேகப்படவேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையும் இல்லை. பிறந்த இரண்டாம் நாளே தூங்குகிற குழந்தையின் காதில் சிறிய முனையை வைத்து, உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கிற ஓஏஇ சோதனையைச் சில நிமிஷத்தில் முடிக்கலாம், ஊசி கிடையாது, மயக்கமருந்து கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் பெரா சோதனை. தலையில் ஒட்டுகிற மின்முனைகள் வழியாக, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்ப்பார்கள். உலகெங்கும் சொல்லப்படுகிற கணக்கு ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். பிறந்ததும் பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள், ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்தவர்கள், ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் ஆகியோருக்கு ஓஏஇ மட்டும் போதாது. உள்காது நன்றாக இருந்து நரம்பு சரியாக வேலை செய்யாத ஒரு நிலை உண்டு, அதில் ஓஏஇ பாஸ் என்றுதான் காட்டும், பெராதான் பிடிக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பெரா எடுத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், நாம் ஆர்பிஎஸ்கே என்கிறோமே, அதில் பிறவிச் செவித்திறன் குறைபாடும் சேர்ந்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு சந்தேகப்பட்ட குழந்தையை மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் கோனாபட்டுக்காரருக்குச் சொல்கிற இடமும் கானாடுகாத்தான்காரருக்குச் சொல்கிற இடமும் வேறாக இருக்கும், அதை மட்டும் முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொண்டால் ஒரு அலைச்சல் மிச்சம்.

ஏன் வருகிறது என்ற பேச்சு எழுந்தால் வீட்டில் உடனே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள், பெரும்பாலும் மருமகளை. பிறவிக் குறைபாடுகளில் பாதிக்கு மேல் மரபணு வழியாக வருபவை. அவற்றிலும் பெரும்பாலானவை, அப்பா அம்மா இருவருமே குறையில்லாமல் அந்த மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வெளிப்படுபவை. ஆக, இரண்டு பக்கமும் சமபங்கு, யார்மேலும் குற்றமில்லை. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பிரதி இருக்கிற வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கிற திருமணங்களில் சுமார் 28 சதவீதம் சொந்தத்தில் நடக்கின்றன. நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், ஒரே கோயில் பிரிவுக்குள் கட்டமாட்டார்கள், ஆனால் அம்மான் மகளும் அயித்தை மகளும் வேறு கோயிலாக இருக்கலாம் என்பதால் இந்த விஷயத்தில் அது பெரிய காப்பு இல்லை. மற்ற சமூகங்களிலும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை வழக்கம் இன்னும் இருக்கிறது. மூத்த பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்தது பிறந்த உடனே சோதித்துவிடுங்கள். கர்ப்பத்தில் வரும் ரூபெல்லா என்ற வைரஸ் காய்ச்சலும் ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில்தான் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் முதலில் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் அப்போது அந்த ஊசிக்கு எதிராக என்னென்ன புரளி ஓடியது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, கருவி. முதலில் காது மெஷின்தான், இம்ப்ளான்ட் உடனே இல்லை. மிதமான குறை இருக்கிற குழந்தைக்கு நல்ல டிஜிட்டல் மெஷினே போதும், வாழ்நாள் முழுவதும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: காதுக்குள் வைக்கிற மோல்டு. குழந்தையின் காது வேகமாக வளரும், மோல்டு லூசானதும் மெஷின் கீச்சென்று விசிலடிக்கும், உடனே வீட்டில் வால்யூமைக் குறைத்துவிடுவார்கள், பிள்ளைக்குக் கேட்பது நின்றுவிடும். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மோல்டை மாற்றவேண்டி வரும், அது செலவுதான், ஆனால் தவிர்க்க முடியாத செலவு.

குறை மிகக் கடுமையாக இருந்து, சில மாதங்கள் மெஷினைப் போட்டுப் பழக்கியும் பேச்சொலி எட்டவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட். வெளியே காதின் மேல் ஒரு ப்ராசசர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற ஒரு வட்டம், தோலுக்கு உள்ளே ஒரு ரிசீவர், அதிலிருந்து உள்காதின் சுருளுக்குள் போகிற மெல்லிய மின்முனைக் கம்பி. பல மின்முனைகள் கொண்ட கருவியை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978இல் ஒருவருக்குப் பொருத்தினார். இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்த அறுவை சிகிச்சை கிடைக்கிறது. வயது வரம்பு உண்டு, அதுவும் தாமதிக்காமல் இருக்க ஒரு காரணம். தையல் ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்து ஸ்விட்ச்-ஆன் செய்வார்கள். அன்று குழந்தை அழலாம், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கலாம். வீடியோக்களில் வருகிற ஆனந்தச் சிரிப்பை எதிர்பார்த்துச் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அதற்கப்புறம் மேப்பிங் என்று பலமுறை போய் அளவைத் திருத்தவேண்டும்.

இனிமேல்தான் வேலை. விழித்திருக்கிற நேரம் முழுக்க மெஷின் காதில் இருக்கவேண்டும். பிள்ளை பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து, நாம் நான்கு மணி நேரம்தான் மாட்டுகிறோம் என்றால், மற்றப் பிள்ளை ஒரு வருஷத்தில் கேட்பதைக் கேட்க இதற்கு மூன்று வருஷம் ஆகும். பயிற்சி வகுப்புக்குப் போகும்போது மட்டும் மாட்டுகிறவர்கள் உண்டு, விருந்தாளி வந்தால் கழற்றுகிறவர்கள் அதைவிட அதிகம். "நாலு பேரு என்னன்னு கேப்பாக" என்கிற கூச்சம் எவ்வளவு விலை உயர்ந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். பிடுங்கி எறிகிற வயதில் மெல்லிய பருத்திக் குல்லா, சட்டையோடு சேர்த்த கிளிப் கயிறு. நம் ஊர் வெயிலில் வேர்வைதான் பெரிய எதிரி, ராத்திரி கழற்றியதும் சிலிக்கா பைகள் போட்ட மூடிய டப்பாவில் வைக்கவேண்டும், பேட்டரி மூடியைத் திறந்துவைத்து.

அடுத்தது வீடு. இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் செட்டிநாட்டைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், பளிங்கு, உயரமான கூரை, முகப்பிலிருந்து வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய இடமும்) தாண்டி இரண்டாங்கட்டுவரை ஒரே நேர்க்கோடு. பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளக்கிற இந்தக் கட்டடத்தில் சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. காது நன்றாக இருக்கிற நமக்கு மூளை அதை ஒதுக்கிக் கொடுத்துவிடும். மெஷின் வழியாகக் கேட்கிற பிள்ளைக்கு எல்லாம் கலந்து ஒரே குழம்பல். வகுப்பறைகளில் எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்கவேண்டும் என்பது பரிந்துரை. பட்டாலைக் கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், எவ்வளவு நேரம் நீள்கிறது என்று.

இதோடு தூரமும் சேர்கிறது. பேசுகிறவர் இரண்டு மடங்கு தள்ளிப்போனால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். அடுப்படியிலிருந்து முகப்புக்குக் குரல் கொடுக்கிற நம் பழக்கம் இந்தப் பிள்ளைக்கு உதவாது. சத்தமாகக் கத்துவதும் உதவாது, கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெருகும், மெய்யெழுத்துகள் அமுங்கிப்போகும், எதிரொலியும் கூடும். பக்கத்தில் போய், ஒரு முழம் தள்ளி, மெஷின் இருக்கிற பக்கமாக உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசவேண்டும்.

அதற்காக வீட்டை இடிக்கவேண்டியதில்லை. வளவைச் சுற்றியிருக்கிற சின்ன அறைகளில் ஒன்றைப் பிள்ளையின் பேச்சு அறையாக்கிவிடலாம். கீழே கனமான ஜமக்காளம், சுவரோரம் மெத்தை, தலையணைகள், கதவுக்குப் பழைய கண்டாங்கிச் சேலைகளை இரண்டு மூன்று மடிப்பாகத் திரை. விளையாட்டுச் சாமான்களைத் தகர டப்பாவில் போடாமல் ஓலைக் கூடையான கொட்டானில் போட்டால் கடகடவென்ற சத்தமும் இராது. வானம் பார்த்த முற்றத்தின் ஓரம் இன்னொரு நல்ல இடம், மேலே கூரை இல்லாததால் சத்தம் வெளியே போய்விடும். காக்கையும் மயிலும் கத்தும்தான், கத்தட்டும், அதுவும் பாடம். மின்விசிறி, மிக்ஸி, டிவி மூன்றையும் அந்த நேரத்துக்கு நிறுத்தவேண்டும். டிவி எதிரே உட்கார வைத்தால் பேச்சு வரும் என்று நினைப்பவர்களுக்கு: வராது. இவ்வளவு சிறு பிள்ளைகள் தங்களுக்குப் பதில் சொல்கிற ஆளிடமிருந்துதான் பேச்சைக் கற்கிறார்கள்.

தினமும் காலையில் மெஷினை மாட்டியதும் செய்யவேண்டிய ஒரு சின்னச் சோதனை உண்டு. டேனியல் லிங் என்ற அறிஞர் கொடுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் வருகிற தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை இந்த ஆறும் வரிசையாகத் தொட்டுவிடுகின்றன, ம் அடியில், ஸ் உச்சியில். பிள்ளையின் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ, வாய் தெரியாமல் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், நடுவில் சும்மா இருந்தும் பார்க்கவேண்டும். கேட்டால் கொட்டானில் ஒரு புளியங்கொட்டையைப் போடச் சொல்லிப் பழக்கலாம் (வாயில் போடாத வயது வந்த பிறகு). நேற்றுவரை ஸ் கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, மோல்டில் அழுக்கு, சளி பிடித்து நடுக்காதில் நீர் என்று ஏதோ ஒன்று. வாயால் சொல்லத் தெரியாத பிள்ளையின் மெஷின் ஒரு வாரமாகச் செத்துக்கிடப்பதை யாரும் கவனிக்காமல் இருப்பது அபூர்வமில்லை.

பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, அதில் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் பன்மையும் வேறு பலவும் ஸ் ஒலியில் தொங்கிக்கொண்டிருப்பதால் அவர்கள் அந்த ஒலியைப் போட்டு உருட்டுவார்கள். தமிழில் எடை வேறு இடத்தில் விழுகிறது. பல்-பால், கல்-கால், படம்-பட்டம் என்று குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும்தான் நமக்குச் சொல்லைப் பிரிக்கின்றன. இவை நேர அளவு சம்பந்தப்பட்டவை. உயர்ந்த அதிர்வெண் சரியாகக் கேட்காத பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் பிடிபட வாய்ப்பு அதிகம், அதனால் இங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது. கஷ்டமான இடம் சொல்லின் கடைசி. நம் இலக்கணமெல்லாம் அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் நாம் குரலையும் இறக்கிவிடுகிறோம். வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து; கடைசியைத் தவறவிட்ட பிள்ளைக்கு மூன்றும் வீடு மட்டும்தான். பேச்சுவழக்கில் இன்னும் மோசம்: வந்தான் என்பதை நாம் ன் சொல்லாமல் மூக்கில் முடிக்கிறோம், வந்தாள் என்பதில் ள் போயேவிடுகிறது, வித்தியாசம் வெறும் மூக்கொலி. அதனால் இந்தப் பிள்ளைகள் ஆண் பெண் முடிவைக் குழப்புவது புத்திக்குறைவால் இல்லை. பேசும்போது கடைசி அசையைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் பாட்டாக இழுத்துச் சொன்னால் போதும். ழகரத்துக்காக மட்டும் பிள்ளையை வதைக்காதீர்கள். காது கேட்கிற பெரியவர்களே இங்கே வாளப்பளம் சாப்பிடுகிறார்கள்.

பேச்சு ஊட்டுவதற்குத் தனி நேரம், தனி மேஜை வேண்டும் என்று நினைத்துச் சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். அந்த அரை மணிப் பயிற்சியைவிட மீதி நாள்தான் பெரிது. தேன்குழல் பிழிகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைக் காட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள்: "மாவு எடுக்கப் போறேன்." ஒரு கணம் நிறுத்துங்கள். அப்புறம் மாவைக் காட்டுங்கள், திரும்பவும் சொல்லுங்கள். முதலில் காது, பிறகு கண், மறுபடி காது. கையைக் காட்டிக்கொண்டே பேசினால் பிள்ளை கையை மட்டும் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும், காதுக்கு வேலையே இராது. வாயை மறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது குரலையும் கெடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் மாவைப் பார்த்துக்கொண்டே பேசினால் உதடு தானாகவே பார்வையில் இராது. பிசை, பிழி, சுற்று, திருப்பு, எடு, ஆறட்டும், ஊது, சுடும் என்று ஒரே மத்தியானத்தில் எத்தனை வினைச்சொல்! பெயர்ச்சொல்லாகவே சொல்லிக் கொடுத்து, இது என்ன, அது என்ன என்று கேள்வி கேட்டே வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பொருளின் பெயர் நூறு தெரியும், ஒரு வாக்கியம் வராது. (எண்ணெய்ச் சட்டியிலிருந்து தள்ளி உட்காரவைப்பதைச் சொல்லவேண்டியதில்லை.)

பிள்ளை "பால்" என்றால், "பால் வேணுமா? சூடா இருக்கு, ஆத்தித் தரேன்" என்று அதன் சொல்லையே எடுத்து நீட்டிக் கொடுக்கவேண்டும். சரியாகச் சொல், மறுபடி சொல் என்று நிற்கவைத்துக் கேட்பது இரண்டு பேருக்கும் எரிச்சல்தான். கேட்ட பிறகு காத்திருப்பதும் வேண்டும், மனதுக்குள் பத்து எண்ணுகிற அளவுக்கு. பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். நண்டூருது நரியூருது விளையாட்டில் கை அக்குளுக்கு வருவதற்கு முன் ஒரு நிறுத்தம் வருமே, பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்குமே, அந்த நிறுத்தம்தான் வேண்டியது. தாலாட்டும் அப்படியே. ஆராரோ என்று நீட்டுகிற நெடில்கள் எல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில், மெதுவாக, ஏறி இறங்கித் திரும்பத் திரும்ப வருபவை. மிச்சமிருக்கிற கொஞ்சம் கேட்கும் சக்திக்கும் எட்டக்கூடியவை அவைதான். காது கேட்காத பிள்ளைக்கு எதற்குத் தாலாட்டு என்று நிறுத்திவிட்ட வீடுகளில் ஆயாவிடம் சொல்லி மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மெஷினைத் தூங்கிய பிறகு கழற்றிக்கொள்ளலாம்.

வீட்டு ஆட்களைச் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் தூரம். கேட்டுப் பேசும் பயிற்சி தருகிற, அதிலேயே தேர்ந்த ஆட்கள் மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும்தான் அதிகம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய், முக்கால் மணி நேரம் வகுப்பு, மறுபடி இரண்டு மணி நேரம். சென்னை என்றால் விடிகாலைப் பல்லவன் ரயில். வாரம் ஒருமுறை இதைச் செய்தாலும் சிகிச்சையாளர் பிள்ளையோடு இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் நல்ல சிகிச்சையாளர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லமாட்டார், உள்ளே உட்காரவைத்து, பாதியில் நீங்கள் செய்யுங்கள் பார்ப்போம் என்பார். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற பள்ளிகள் அம்மாக்களையும் வகுப்பில் வைத்தே சொல்லித் தருவது இதனால்தான். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்துப்போகிற இடமாக இருந்தால் இடத்தை மாற்றலாமா என்று யோசியுங்கள். இப்போது வீடியோ காலில் வகுப்பு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லித்தருவது அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும்தான் என்றால் அது நன்றாகவே நடக்கும்.

அப்பச்சி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற வீடுகளில் இன்னொரு பேச்சு வரும்: நாளைக்கு அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறோம், ஸ்கூலும் இங்கிலீஷ் மீடியம், அதனால் வீட்டில் இங்கிலீஷிலேயே பேசிவிடலாமா? சில இடங்களில் டாக்டர்களே இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். என் கருத்து, வேண்டாம். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் வராது, அம்மா யோசித்து யோசித்து நாலு வாக்கியம் பேசுவார், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் காதில் விழவேண்டிய சொற்கள் நூறாகக் குறைந்துவிடும். யாருக்கு எது தாராளமாக வருகிறதோ அதில் பேசவேண்டும். கேட்கும் குறை உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள், ஒன்று நன்றாக ஊன்றியபின் அடுத்தது வரும்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த வழி சரிப்படாது என்பதையும் சொல்லவேண்டும். உள்காதோ கேட்கும் நரம்போ உருவாகாமலே பிறக்கிறவர்கள் உண்டு, மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு, எல்லாம் செய்தும் பேச்சு வராதவர்களும் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது, அது முழுமையான மொழி, அதில் படித்து வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம். சைகை காட்டினால் பேச்சு வராது என்று பயமுறுத்துகிறவர்களும், மெஷின் போடுவது அநியாயம் என்கிறவர்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கட்டும். பிள்ளைக்கு மிக மோசமான நிலை, பேச்சும் எட்டாமல் சைகையும் தராமல் ஐந்து வயதுவரை எந்த மொழியும் இல்லாமல் விட்டுவிடுவது. ஒரு வருஷம் ஒழுங்காக மாட்டி, ஒழுங்காகப் பேசியும் கேட்பதில் நகர்வே இல்லை என்றால் சைகை மொழியை உடனே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் முன் வரிசை கேட்டு வாங்குவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆசிரியர் குரல் வகுப்பின் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்கவேண்டும், அறுபது பிள்ளைகளும் ஓட்டுக்கூரையும் இருக்கிற இடத்தில் முன் வரிசையால் மட்டும் அது கிடைக்காது. ஆசிரியர் கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக், நேராக மெஷினுக்கே குரலை அனுப்புவது, இப்போது கிடைக்கிறது. அதை வாங்க முடியாவிட்டால், ஜன்னலிலிருந்தும் மின்விசிறியிலிருந்தும் தள்ளி, நன்றாகக் கேட்கிற காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்கவேண்டும், போர்டைப் பார்த்துக்கொண்டு பாடம் சொல்லவேண்டாம் என்று ஆசிரியரிடம் தன்மையாகக் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் சிறப்பாசிரியர்கள் உண்டு, தலைமையாசிரியரிடம் கேட்டால் தொடர்பு கிடைக்கும்.

கடைசியாகக் காசு. அறுவை சிகிச்சை இலவசமாக முடிந்தாலும் ப்ராசசருக்கு வாரன்டி காலம் இருக்கிறது, அது முடிந்தபின் கம்பி அறுந்தாலும் தலையில் ஒட்டுகிற அந்த வட்டக் காயில் போனாலும் பேட்டரி மாற்றினாலும் பெரும்பாலும் நம் கையைத்தான் கடிக்கும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, எந்த மாடல், எத்தனை வருஷ வாரன்டி, அதில் எது எது அடங்கும், ரிப்பேருக்குக் கொடுத்தால் அதுவரைக்கும் மாற்று மெஷின் தருவார்களா, சர்வீஸ் மதுரையிலா சென்னையிலா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுக் கம்பி ஒன்றும் பேட்டரி ஒரு செட்டும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பொங்கலுக்கு நாலு நாள் கடை அடைத்துக்கிடக்கிற நேரத்தில்தான் அது அறுந்துபோகும்.